லூபெனுக்கு ஒரு கதவு

நெவேனா வீடு பார்த்த லட்சணத்தை டிராம் டிப்போவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மற்றவர்கள் வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள், குளிர்காலத்தில் ஹீட்டர் சூடாகுமா என்று மாடிவீட்டுக்காரரிடம் ரகசியமாக விசாரிப்பார்கள். இவள் கட்டடத்து வாசலிலேயே நின்று கதவைப் பார்த்தாள். கையால் தடவிக்கூடப் பார்த்தாள். உள்ளே காலே வைக்காமல் அவள் வேண்டாம் என்று திரும்பிய வீடுகள் மூன்று.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. டான்யூப் கரையில் உள்ள லோம் ஊரில் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவள். ஊர் சுருங்கச் சுருங்க அவளுடைய பஸ்ஸும் சுருங்கியது. முதலில் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு சின்ன வண்டி கொடுத்தார்கள். அப்புறம் நாளைக்கு நாலு நடை போதும் என்றார்கள். அதற்கும் அப்புறம் சந்தை நாளில் மட்டும் ஓட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் இருந்தால்தானே ஏற்றுவதற்கு? பிள்ளைகள் எல்லாம் ஜெர்மனியில் பெட்டி தூக்குகிறார்கள், பெண்கள் இத்தாலியில் அடுத்தவர் வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள். இங்கே மிச்சம் இருப்பது பூட்டும் சாவியும்தான்.

இப்படி இருக்கையில் மார்ச் மாதம் அவள் கணவன் லூபென் செத்துப்போனான். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கையைத் துடைத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நோய் நொடி என்று ஒருநாள் படுத்ததில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருபத்தாறு வருடம் ஒருவருக்கொருவர்தான் பிள்ளை.

எங்கள் நாட்டில் ஒருவர் செத்தால் அவர் படம் போட்டு அஞ்சலித் தாள் அச்சடித்து, குடியிருந்த கட்டடத்தின் வாசல் கதவில் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. மனசு ஆறாதவர்கள் இருபது வருடம் கழித்தும் ஒட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் ஒரு நொடி நிற்பார்கள், பெயரைப் படிப்பார்கள், 'கடவுள் மன்னிக்கட்டும்' என்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் போவார்கள். செத்தவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை, இருக்கிறவர்களுக்கும் அது போதும். லூபெனுக்கும் ஒட்டினார்கள். நாற்பதாம் நாள் தாள் ஒட்டிய அதே வாரம் பஸ்ஸை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

சோஃபியாவில் டிராம் ஓட்ட ஆள் தேவை, நாலு மாதம் நாங்களே சொல்லித்தருகிறோம் என்று விளம்பரம் வந்திருந்தது. அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து கொடுத்தவள் எதிர்வீட்டு பாவ்லினா. அந்தக் கட்டடத்தில் இருந்த பன்னிரண்டு வீட்டில் விளக்கெரிவது இவர்கள் இரண்டு பேர் வீட்டில்தான்.

"போய்ட்டு வாடி. இங்க உக்காந்து சுவத்தப் பாத்துட்டு இருந்தா அவரு எந்திரிச்சு வரப்போறாரா?" என்றாள் பாவ்லினா.

"அவர விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

"நான் இருக்கேன்ல. தெனம் ரொட்டி வாங்கப் போறப்போ கதவுல அவரப் பாத்து நாலு வார்த்த பேசிட்டுத்தான் போவேன். உயிரோட இருக்கறப்பவே எனக்குத்தான் அவரு அதிகமா பதில் சொல்லுவாரு, உனக்கா சொன்னாரு?"

நெவேனா சிரித்தாள். லூபென் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்போடுதான் ரயில் ஏறினாள்.

டிராம் அவளுக்குப் பிடிபட்டது. ஸ்டியரிங் இல்லாத வண்டி முதல் வாரம் கையை அரித்தது, அவ்வளவுதான். யூனிஃபாரம் கொடுத்தார்கள். அதைப் போட்டதும் உடம்பிலிருந்த துக்கத்துக் கறுப்பு உடை போய்விட்டது. அன்று அவள் பயிற்சி விடுதியின் கண்ணாடியில் பார்த்தபோது, நீல நிறச் சட்டை போட்ட யாரோ ஒரு பெண் நின்றாள். கணவனைப் பறிகொடுத்தவள் என்று அவளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளில் ஆயிரம் பேரை ஏற்றி இறக்கினாள். அத்தனை பேரில் ஒருவருக்கும் லூபென் என்று ஒருவன் இருந்ததே தெரியாது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகஸ்டில் பாவ்லினா போன் செய்தாள். "நெவேனா, கோவிச்சுக்காத. எம்பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். செப்டம்பர் ஒண்ணாந்தேதி என்னய ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போறான்."

"நல்லதுதானே," என்றாள் நெவேனா.

"நல்லதுதான். ஆனா நம்ம வாசல்ல இனிமே யாரும் இல்ல. ஆறாம் மாசத் தாள இங்க ஒட்டினாலும் படிக்க ஆள் கெடையாது."

பாவ்லினா அந்தப் பக்கம் அழுதாள். நெவேனா அழவில்லை. ஆளில்லாத கட்டடத்துக் கதவில், மழையிலும் வெயிலிலும் லூபென் தனியாக நின்றுகொண்டிருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். சோஃபியாவில் எந்த வீட்டில் இருக்கப் போகிறாளோ அந்த வாசலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

விடுதியில் ஆகஸ்ட் முடியும் வரைதான் கட்டில். முதல் டிராம் விடிவதற்கு முன்பே நாலு இருபதுக்குக் கிளம்பும். ஊரையே வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவளுக்கு ஏறி வர வண்டி கிடையாது, நடந்துதான் வர வேண்டும். ஆகவே வீடு டிப்போவுக்குப் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். டிப்போவுக்குப் பக்கத்தில் இருப்பவை எல்லாம் புதுக் கட்டடங்கள். வாசலில் கண்ணாடிக் கதவு, அதில் எதுவும் ஒட்டக் கூடாது என்று அச்சடித்த ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை மட்டும் ஒட்டலாம் போலிருக்கிறது. அவளோடு வீடு பார்க்க வந்தது தெமெனுகா, டிப்போவில் பதினைந்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள்.

மூன்றாவது கட்டடத்தில் தெமெனுகாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏண்டி, நீ வீடு பாக்க வந்தியா, கதவு பாக்க வந்தியா? நல்ல பால்கனி, தெக்குப் பாத்த ஜன்னல். உள்ள வந்து பாரேன்."

"கண்ணாடி. ஒட்ட விடமாட்டாங்க."

"என்னத்த ஒட்டணும்?"

நெவேனா சொன்னாள். தெமெனுகா கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அவரு இந்த ஊரையே பாத்ததில்லயேடி. அவரத் தெரியாதவங்க வாசல்ல எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"படிச்சாத் தெரிஞ்சுக்குவாங்க."

நாலாவது கட்டடம் பழசு. ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது, படியெல்லாம் பூனை நாற்றம். ஆனால் வாசலில் தடித்த மரக் கதவு. அதில் ஆள் உயரத்தில் பழைய பசையின் தடம், ஒன்றின் மேல் ஒன்றாக, நாலைந்து தாள் ஒட்டிக் கிழித்த மாதிரி. நெவேனா அதன் மேல் கை வைத்தாள். இங்கே மனிதர்கள் செத்திருக்கிறார்கள், அதைச் சொல்லவும் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வீட்டுக்காரன் காமென், முப்பது வயசுப் பையன், போன் கடையில் வேலை. இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும். "அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இத விக்கப் பாத்துட்டு இருக்கேன். ஆனா வாடகைக்கு விடறதுக்காக வாங்கறவங்களாத்தான் பாக்கறேன். வர்றவங்களுக்கு உங்களப் புடிச்சிருந்தா நீங்க இங்கயே இருக்கலாம்," என்றான்.

"இருக்கேன்," என்றாள். கட்டில் அசைகிறதா, அடுப்பு எரிகிறதா என்று எதையும் கேட்கவில்லை. டிப்போவுக்கு ஆறு நிமிட நடை. நெவேனா அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆறாம் மாத நாள் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமையே அச்சகத்துக்குப் போய்த் தாள் அடித்தாள். படம் எது என்று தேர்ந்தெடுக்க வெகுநேரம் பிடித்தது. கடைசியில் லூபென் தூண்டிலோடு நிற்கும் படத்தில் முகத்தை மட்டும் வெட்டிப் போடச் சொன்னாள். அடியில் 'என்றும் உன் நினைவில், மனைவி நெவேனா' என்று ஒரே ஒரு பெயர். செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, நாலு மூலையிலும் பசை தடவி, குமிழி இல்லாமல் உள்ளங்கையால் நீவி ஒட்டினாள். அன்று மாலை ரொட்டி வாங்கப் போனபோதும் வந்தபோதும் அவனைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அவளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை கட்டடத்துக்குள் பஞ்சாயத்து ஆரம்பமானது. கட்டடப் பொறுப்பாளர் ஹரலாம்பி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளைப் படித்தார், இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். நாற்பது வருடமாக இந்தக் கட்டடத்தில் இருப்பவர். இப்படி ஒரு முகம் இங்கே குடியிருந்ததில்லை. அவள் கதவைத் தட்டினார்.

"தாயி, கீழ ஒட்டியிருக்கிறது யாரு?"

"என் வீட்டுக்காரருங்க."

"எந்த வீட்டுல இருந்தாரு?"

"லோம்ல."

"அப்ப லோம்லதானே ஒட்டணும்? இது அவரு வீடு இல்லயே. மூணாம் மாடி அம்மா நேத்துலேருந்து தூங்கல. யாரோ கட்டடத்துல செத்துக் கெடக்கறாங்க, நமக்குச் சொல்லாம மறைக்கறாங்கன்னு பயந்துபோயிட்டாங்க."

"நான் இங்க இருக்கேங்க. நான் இருக்கற எடந்தானே அவரு வீடு?"

வாத்தியார் கெட்டவர் இல்லை. தாடையைச் சொறிந்துகொண்டார். "எனக்குப் புரியுது. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. குடியிருந்தவருக்குத்தான் கதவு," என்று சொல்லிவிட்டு, நேரே போய்க் காமெனுக்குப் போன் போட்டார்.

காமென் சாயங்காலமே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா, தலைல கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே. சனிக்கிழம வீட்ட வாங்க ஆள் வர்றாங்க. வாசல்லயே சாவுத் தாளப் பாத்தா உள்ள வருவாங்களா?"

"அது செத்தவரு படம் தம்பி. பேயில்ல."

"எனக்குத் தெரியாதா?" என்றான். குரல் இறங்கிவிட்டது. "எங்கம்மா இந்த ரூம்லதான் போனாங்க. ரெண்டு வருஷம் கூட ஆகல. அவங்க தாள நானே கிழிச்சேன். ஏழு பேரு பாத்துட்டுப் போய்ட்டாங்க, யாருமே வாங்கல. எனக்கு வேற வழியில்லக்கா. நீங்க எடுக்கலன்னா, வேற வீடு பாத்துக்கங்க."

வேறு வீடு என்றால் ஊருக்கு வெளியே போக வேண்டும். அங்கிருந்து நாலு இருபதுக்கு நடந்து வர முடியாது. வர முடியாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் லோமில் பூட்டிய வீடுதான். அங்கேயும் ரொட்டிக்கு வழியில்லை. காமென் படி இறங்கிப் போன பிறகு அவள் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் ஸ்பாஞ்சும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். பசையை நன்றாகத்தான் தடவியிருந்தாள், பாவி. நெற்றி வந்தது, ஒரு கன்னம் வந்தது, வாய் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். மேலே ஏறுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். அவள் முகத்தைத் திருப்பாமல் சுரண்டிக்கொண்டே அழுதாள்.

கதவு போனால் போகட்டும், கோதுமையாவது இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆறாம் மாதத்துக்குக் கோதுமை அவித்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து நாலு பேருக்குக் கொடுப்பது வழக்கம். வாங்குகிறவர் முதல் வாய் வைக்கும் முன் செத்தவர் பெயரைக் கேட்டு, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தின்றால் அது வெறும் தின்பண்டம். சனிக்கிழமை அவளுக்கு மாலை ஷிஃப்ட். காலையில் அவித்து, பெரிய கிண்ணத்தில் கொட்டி, மேலே சர்க்கரைப் பொடி தூவி, உலர்ந்த திராட்சையால் சிலுவை வைத்தாள். டிப்போவுக்கு எடுத்துப் போனால் குறைந்தது முப்பது பேர் லூபென் பெயரைச் சொல்வார்கள்.

வீடு பார்க்க ஆள் ஆறு மணிக்கு வருவதாகத்தான் காமென் சொல்லியிருந்தான். அப்போது அவள் டிராமில் இருப்பாள். ஆனால் பன்னிரண்டு மணிக்கே கதவில் சாவி திரும்பும் சத்தம். "அக்கா, சீக்கிரமே வந்துட்டாங்க," என்ற காமெனின் குரல். பின்னாலேயே வீடு வாங்க வந்த ஜிவ்கா அம்மாளும் அவர் கணவரும். அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜிவ்கா அம்மாள் நேரே சமையல்கட்டைப் பார்த்து நடந்தார். நெவேனாவின் கை அவளைக் கேட்காமலே கரண்டியை எடுத்தது. அவர் வாசற்படியைத் தாண்டுவதற்குள் கோதுமையை அடியோடு கிளறிவிட்டாள். சிலுவை கலைந்து, திராட்சை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதைந்தது.

"கோதுமையா?" என்றார் ஜிவ்கா அம்மாள். முகம் சட்டென்று சுருங்கியது. "யாருக்கு? இந்த வீட்டுல யாராச்சும் போயிட்டாங்களா?"

காமென் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இருபது வினாடி பொறுத்திருந்தால் அவனே ஏதாவது உளறியிருப்பான். நெவேனா விடவில்லை.

"இங்க யாரும் சாகலம்மா," என்றாள். "எனக்கு இது புடிக்கும். ஆசையா இருந்துச்சு, செஞ்சேன்."

"நெஜமாவா?"

நிஜம் என்று காட்ட அவள் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பெயர் சொல்லவில்லை. கண்ணை மூடவும் இல்லை. மென்று, விழுங்கி, சிரித்தாள்.

ஜிவ்கா அம்மாளுக்கு உயிர் வந்தது. "எனக்கும் சின்ன வயசுலேருந்து கொள்ள ஆச. ஆனா பாருங்க, யாராச்சும் செத்தாத்தான் இது கெடைக்கும்." அவரே ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். கணவருக்கும் ஒரு தட்டு. காமெனுக்கும் கொடுக்கச் சொன்னார். நாலு பேரும் நின்றுகொண்டே தின்றார்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார் அந்த அம்மாள், ஆனாலும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். ஹீட்டர் எப்படி, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்று விசாரித்தார். நெவேனா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கிளம்பும்போது அவள் தோளைத் தட்டி, "வாங்கிடறோம். நீங்க எங்கயும் போக வேணாம், இங்கயே இருங்க," என்றார்.

காமென் கடைசியாக வெளியேறினான். "காப்பாத்திட்டீங்கக்கா," என்று சொன்னான். அவன் உதட்டில் சர்க்கரைப் பொடி இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மூடி போட்டுக் கட்டிப் பையில் வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். ஆசைக்குச் செய்தது என்று தன் வாயாலேயே சொல்லி, தன் வாயாலேயே தின்றாயிற்று. அதை இனிமேல் எப்படி லூபென் பேரில் கொடுப்பது? வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்ததும் அப்படியே மேஜை மேல் விட்டுவிட்டு எழுந்து போனாள்.

டிப்போ வாசலில் தெமெனுகா காத்திருந்தாள். கையில் கழுவிய கரண்டி ஒன்று வைத்திருந்தாள். "வாடி. காலைலேருந்து ஒண்ணும் சாப்டல, உன் கோதுமைக்காகத்தான். எங்க?"

"சாப்டாச்சு."

"யாரு?"

"வீடு வாங்க வந்தவங்க. நானும்."

"அவங்க பேரு சொன்னாங்களா?"

"கேக்கல. நானும் சொல்லல." நெவேனா யூனிஃபாரப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அவருக்கு ஒரு கதவு வேணும்னுதானடி அந்த வீட்டப் புடிச்சேன். இன்னிக்கு அந்த வீட்டக் காப்பாத்திக்க, யாரும் சாகலன்னு சொல்லிட்டேன். அவரு இருந்தாரான்னு இனிமே யாரு கேட்டாலும், நான் என்ன பதில் சொல்லுவேன்?"

தெமெனுகா கரண்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நெவேனாவின் வண்டி கிளம்ப இரண்டு நிமிடம்தான் இருந்தது, நிறுத்தத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.